கிகு நிங்யோ: ஜப்பானின் சாமந்திப் பொம்மைக் காட்சிகளும் இலையுதிர்கால ஒருநாள் பயணமும்

ஜப்பானில் ஆண்டுதோறும் அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் இறுதி வரை பல ஊர்களில் சாமந்திப் பூ விழாக்கள் நடைபெறுகின்றன. ஜப்பானிய மொழியில் சாமந்தியின் பெயர் 'கிகு'. விழாவின் பெயர் 'கிகு மட்சுரி'. காலையில் இரயிலேறிச் சென்று, பூக்களைப் பார்த்து, அவ்வூர்க் கடைகளில் உண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது இவ்விழாக்களுக்குச் செல்வோரின் நெடுங்கால வழக்கம். இவற்றுள் தனித்தன்மை வாய்ந்தது 'கிகு நிங்யோ' எனப்படும் சாமந்திப் பொம்மைக் காட்சி. 'நிங்யோ' என்றால் பொம்மை. ஆளுயரப் பொம்மைகளுக்குத் துணிக்குப் பதிலாக, வேரோடு கூடிய உயிருள்ள சாமந்திச் செடிகளை ஆடையாக உடுத்துவதே இக்கலை.

இது 19ஆம் நூற்றாண்டில் எடோ நகரத்துத் தோட்டக்காரர்களிடம் தோன்றியது. 20ஆம் நூற்றாண்டில் இரயில் நிறுவனங்கள் இதைப் பெரிய கேளிக்கையாக வளர்த்தன. மேற்கு ஜப்பானில் இதற்குப் பேர்பெற்ற ஹிராகாட்டா நகரக் காட்சி, சுமார் ஒரு நூற்றாண்டு நடந்தபின் 2005இல் நின்றது. பூக்களை உடுத்தத் தெரிந்த கைவினைஞர்கள் முதுமையடைந்ததும், அவர்களுக்குப் பின் அத்தொழிலுக்கு ஆள் இல்லாமல் போனதும் அதற்குக் காரணங்கள்.

சீனாவிலிருந்து வந்த மலர்

தமிழில் சாமந்தி, செவ்வந்தி என்று வழங்கும் பூவும் ஜப்பானியக் கிகுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மாலை கட்டப் பயன்படும் கேந்திப் பூ இதிலிருந்து வேறானது. சாமந்தி முதலில் வளர்க்கப்பட்டது சீனாவில். அங்கிருந்து ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டில் அது ஜப்பானுக்கு வந்தது. 'கிகு' என்ற சொல்லும் சீன ஒலிப்பிலிருந்து பிறந்ததே. ஜப்பானின் மிகப் பழைய பாடல் தொகுப்பான மன்யோஷூவில் இம்மலர் பாடப்படவில்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கோகின்ஷூவில் சாமந்திப் பாடல்கள் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டு மருந்துச் செடி அரசவை மலராக மாறியிருந்தது.

பூவோடு சேர்ந்து ஒரு பண்டிகையும் வந்தது. சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் உயரமான இடங்களுக்கு ஏறிச் சென்று, சாமந்தி இதழிட்ட மதுவை அருந்துவது மரபு. அது நீண்ட ஆயுளைத் தரும் என்பது நம்பிக்கை. ஜப்பானிய அரசவை இதைச் 'சோயோ' என்ற பெயரில் கொண்டாடியது. பண்டிகைக்கு முதல்நாள் இரவு பூக்களின்மீது பட்டுப் பஞ்சை விரித்து வைப்பார்கள். விடியற்காலையில் பனியால் நனைந்த அப்பஞ்சால் முகத்தையும் உடலையும் துடைத்தால் முதுமை அகலும் என்று நம்பினர். கெஞ்சியின் கதையை எழுதிய முரசாகி ஷிகிபுவின் நாட்குறிப்பில், 1008ஆம் ஆண்டு இத்தகைய பஞ்சு தமக்குப் பரிசாக வந்த செய்தி உள்ளது.

1183 முதல் 1198 வரை ஆண்ட பேரரசர் கோ-தோபா சாமந்தியில் பெருவிருப்பம் கொண்டவர். தம் பொருள்களில் அவர் பொறித்த சாமந்திச் சின்னம் படிப்படியாக அரச குடும்பத்துக்கு உரியதாயிற்று. பதினாறு இதழ்ச் சாமந்தி பேரரசரின் சின்னம் என்பதை 1869இல் மெய்ஜி அரசு ஆணையாக வெளியிட்டது.

எடோ நகரத் தோட்டக்காரர்கள்

1603 முதல் 1868 வரையான எடோ காலத்தில் சாமந்தி அரண்மனை வேலியைத் தாண்டியது. சோயோ, ஷோகுன் ஆட்சியின் ஐந்து பருவப் பண்டிகைகளுள் ஒன்றாயிற்று. செடி வளர்ப்பதில் ஊருக்கு ஊர் போட்டி ஏற்பட்டு, வட்டார வகைகள் உருவாயின. எடோ வகையின் இதழ்கள் விரிந்தபின்னும் நாளுக்கு நாள் வளைந்து உருமாறும். இசே வகையின் இதழ்கள் நூல்போலத் தொங்கும். கியோட்டோவின் சாகா வகை தூரிகைபோல நிமிர்ந்து நிற்கும். ஹிகோ வகையின் இதழ்கள் இடைவெளிவிட்டு அமைந்தவை. இப்போது குமமோட்டோ எனப்படும் பகுதியில் போர்வீரர் குடும்பங்கள் அவற்றைப் பேணின.

எடோ நகரம் இன்றைய டோக்கியோ. அதன் வடக்கு ஓரத்தில் சொமெய், சுகாமோ என்ற பகுதிகளில் தோட்டக்காரர்கள் நிறைந்திருந்தனர். மாளிகைகளுக்கு மரம், செடி வழங்குவது அவர்கள் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் சாமந்திச் செடிகளை வளைத்துக் கட்டி ஃபூஜி மலை, கப்பல், யானை போன்ற உருவங்களைச் செய்து தோட்டத்தில் வைத்தனர். பார்க்கக் கூட்டம் கூடியது. விற்பனைக்கு ஒரு விளம்பரமாகத் தொடங்கிய இவ்வழக்கமே பொம்மைக் காட்சியின் முன்னோடி.

நகரத்தின் நடுவிலிருந்து சுகாமோவுக்கு நடந்தே போய்வரலாம். ஒரு பகல் போதும். வழியில் தேநீர்க் கடைகளும் கோயில்களும் இருந்தன. வசந்தத்தில் செர்ரிப் பூ, கோடையில் தாமரை, இலையுதிர்காலத்தில் சாமந்தியும் சிவந்த மேப்பிள் இலையும் என்று, பருவத்துக்கு ஓர் இடமாகப் போய்வருவது எடோ மக்களின் ஆண்டுச் சுழற்சியில் சேர்ந்துவிட்டது.

டாங்கோசாகா சரிவு

1850களில் இக்காட்சியின் மையம் டாங்கோசாகாவுக்கு நகர்ந்தது. 'டாங்கோ' என்பது அரிசிமாவு உருண்டை. 'சாகா' என்பது சரிவான சாலை. இன்றைய டோக்கியோவின் புங்கியோ வட்டத்தில் சென்டாகி பகுதியில் இச்சரிவு உள்ளது. அதன் இருபுறமும் இருந்த தோட்டக்காரர்கள் மலை, யானை உருவங்களைவிட மனித உருவங்களைச் செய்வதில் கவனம் செலுத்தினர்.

1860 நவம்பரில் எடோவுக்கு வந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் இங்கு வந்தார். சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளையும் தொழிலாளரையும் இந்தியாவின் இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தவர் இவரே. டாங்கோசாகாவில் ஆயிரக்கணக்கான சாமந்திப் பூக்களால் செய்த பெண் உருவங்களைக் கண்டு வியந்ததை 1863இல் வெளியான தம் பயண நூலில் எழுதினார். ஜப்பானியச் சாமந்தி வகைகளை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் அவற்றிலிருந்து புது வகைகளை உருவாக்கினர்.

1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் டாங்கோசாகா உச்சநிலையை அடைந்தது. 'இகி நிங்யோ' எனப்படும் உயிரோட்டமான பொம்மைகளைச் செய்தோர் முகங்களையும் கைகளையும் செய்து தந்தனர். தோட்டக்காரர்கள் உடலுக்குப் பூவாடை அணிவித்தனர். புகழ்பெற்ற கபுகி நடிகர்களின் முகச்சாயலில் பொம்மைகள் செய்யப்பட்டன. நாடகக் காட்சிகளும் போர் நிகழ்ச்சிகளும் மேடைகளில் அடுக்கப்பட்டன. தோட்டங்கள் கட்டணம் வசூலித்தன. வாசலில் நின்றவர்கள் தங்கள் கொட்டகைக்கே வரும்படி கூட்டத்தைக் கூவி அழைத்தனர். நாடகக் கொட்டகைக்குச் செல்ல வசதியில்லாதவர்களும் தாம் கேள்விப்பட்ட நடிகரின் உருவத்தை இங்கே பார்க்க முடிந்தது.

நாட்காட்டி மாறியபோது

1873இல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியது. பழைய ஐந்து பருவப் பண்டிகைகளும் அரசு விடுமுறை என்ற தகுதியை இழந்தன. பழைய கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் பெரும்பாலும் அக்டோபரில் வரும். புதிய கணக்கில் அது செப்டம்பர் 9. அப்போது தோட்டச் சாமந்திகள் பெரும்பாலும் பூத்திருப்பதில்லை. சோயோவும் பூவும் பிரிந்தன. ஐந்து பண்டிகைகளுள் மற்றவை வீடுகளில் தொடர்ந்தாலும் சோயோ பொதுவழக்கிலிருந்து மறைந்ததற்கு இப்பிரிவு ஒரு காரணம்.

அதே நேரத்தில் புதிய நாட்காட்டி சாமந்திக்கு வேறொரு விடுமுறையைத் தந்தது. பேரரசர் மெய்ஜியின் பிறந்தநாள் நவம்பர் 3 அன்று வந்தது. பூக்கள் முழுதும் விரிந்திருக்கும் வாரம் அது. மெய்ஜி மறைந்தபின் 1927இல் அந்நாள் மீண்டும் விடுமுறையாயிற்று. 1948 முதல் 'பண்பாட்டு நாள்' என்ற பெயரில் தொடர்கிறது. சாமந்தி விழாக்களின் நடுநாயகமாக இன்றும் அமைவது இவ்விடுமுறைதான்.

அரண்மனைத் தோட்டத்தில் வேறுவகைக் காட்சி நடந்தது. 1878இல் அகாசாகா தற்காலிக அரண்மனையில் சாமந்தி பார்க்கும் நிகழ்ச்சி தொடங்கியது. அமைச்சர்களும் வெளிநாட்டுத் தூதர்களும் அழைக்கப்பட்டனர். 1904இல் ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தில் இதற்கான செடிகள் வளர்க்கப்பட்டன. 1929 முதல் நிகழ்ச்சியும் அங்கு நடந்தது. ஒரே வேரிலிருந்து கிளைத்து, நூற்றுக்கணக்கான பூக்கள் அரைவட்ட வடிவில் ஒரே நேரத்தில் மலரும் 'ஓசுகுரி' என்ற வளர்ப்புமுறை இத்தோட்டத்தின் சிறப்பு. 1949இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே வரமுடியாத இடத்துக்கு அதன்பின் எவரும் நுழைவுச்சீட்டுடன் வரலாம் என்றாயிற்று.

நாவல்களில் டாங்கோசாகா

டாங்கோசாகா எவ்வளவு பொதுவான பொழுதுபோக்காக இருந்தது என்பதற்கு அக்கால நாவல்கள் சான்று. ஜப்பானின் முதல் நவீன நாவலாகக் கருதப்படும் ஃபுதாபதெய் ஷிமெய்யின் 'உகிகுமோ' 1887 முதல் 1889 வரை வெளிவந்தது. வேலையிழந்த இளைஞன் வீட்டில் தங்கிவிட, அவன் விரும்பும் பெண் மற்றவர்களோடு டாங்கோசாகாவுக்குச் சாமந்தி பார்க்கச் செல்கிறாள். யார் போகிறார்கள், யார் போகவில்லை என்பதே கதையின் போக்கைக் காட்டிவிடுகிறது.

நட்சுமே சோசெகியின் 'சான்ஷிரோ' 1908 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அசாஹி நாளிதழில் தொடராக வந்தது. கிராமத்திலிருந்து டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு வந்த சான்ஷிரோ, நண்பர்களோடு பொம்மைக் காட்சிக்குச் செல்கிறான். நெரிசலில் உடல்நலம் குன்றிய மினேகோ வெளியேற, அவளைப் பின்தொடர்ந்து அவனும் வெளியேறுகிறான். இருவரும் ஒரு சிற்றோடையின் கரையில் அமர்ந்து பேசுவது நாவலின் முதன்மைக் காட்சிகளுள் ஒன்று. உகிகுமோவிலும் சான்ஷிரோவிலும் பூவைவிடக் கூட்டமே முக்கியமாகிறது. பெற்றோர் ஏற்பாடு செய்யாமல் இளம் ஆணும் பெண்ணும் ஒரு பகல் முழுதும் ஒன்றாக வெளியே இருக்க, அக்காலத்தில் இத்தகைய இடங்கள் வாய்ப்பளித்தன.

சான்ஷிரோ தொடராக வந்தபோதே டாங்கோசாகாவின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. 1909இல் ரியோகோகு பகுதியில் கொகுகிகான் என்னும் சுமோ மல்யுத்த அரங்கு திறக்கப்பட்டது. மல்யுத்தம் இல்லாத மாதங்களில் அரங்கை நிரப்ப, அவ்விலையுதிர்காலமே அங்கு பொம்மைக் காட்சி நடத்தப்பட்டது. கூரையுள்ள அரங்கு, மின்விளக்கு, மின்சாரத்தால் நகரும் மேடை ஆகியவற்றோடு சரிவோரக் கொட்டகைகள் போட்டியிட முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் டாங்கோசாகாக் காட்சிகள் மறைந்தன.

இரயில் நிறுவனமும் ஹிராகாட்டாவும்

ஒசாக்காவையும் கியோட்டோவையும் இணைக்கும் கெய்ஹான் மின்சார இரயில் 1910 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. தனியார் இரயில் நிறுவனங்களுக்கு அக்காலத்தில் ஒரு பொதுச் சிக்கல் இருந்தது. வேலைநாட்களில் நிறையும் பெட்டிகள் விடுமுறை நாட்களில் காலியாக ஓடின. பாதையின் நடுவில் பார்க்கத்தக்க இடம் ஒன்றை உருவாக்கினால் குடும்பங்கள் வரும். இருபுறத்திலிருந்தும் பெட்டிகள் நிறையும். அந்த அக்டோபரிலேயே கெய்ஹான் நிறுவனம் கோரியென் என்ற இடத்தில் சாமந்திப் பொம்மைக் காட்சியை நடத்தியது. 1912இல் அதை ஹிராகாட்டாவுக்கு மாற்றியது. இன்றும் அங்கு இயங்கும் ஹிராகாட்டா கேளிக்கைப் பூங்கா அவ்வாண்டிலிருந்தே தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது.

ஹிராகாட்டா யோதோ ஆற்றங்கரையில் உள்ள பழைய வழித்தங்கல் ஊர். படகிலும் கால்நடையாகவும் சென்ற பயணிகள் அங்கு இரவு தங்குவார்கள். இரயில் வந்தபின் தங்குவோர் இல்லை. ஒசாக்காவிலிருந்தோ கியோட்டோவிலிருந்தோ காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தொலைவில் அவ்வூர் அமைந்துவிட்டது. ஊரின் பழைய பிழைப்பு போன இடத்தில் பூ விழா புதிய பிழைப்பைத் தந்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் காட்சி நின்றது. போருக்குப் பின் மீண்டும் தொடங்கியது. ஜப்பானின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., 1963 முதல் ஆண்டு முழுவதும் ஓடும் வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரித்தது. பின்னாளில் அத்தொடர்களின் கதைகளே ஹிராகாட்டாப் பொம்மைகளின் கருப்பொருளாயின. டாங்கோசாகாவில் கபுகி நடிகருக்கு இருந்த இடத்தை இங்கே தொலைக்காட்சி நடிகர் பிடித்தார்.

பூவாடை உடுத்தும் முறை

ஒரு சாமந்திப் பொம்மைக்கு மூவகைக் கைவினைஞர்கள் தேவை. முகத்தையும் கைகால்களையும் செய்பவர் நிங்யோ-ஷி. மூங்கில் சிம்புகளையும் வைக்கோலையும் கொண்டு உடற்கூட்டைக் கட்டுபவர் டோகரா-ஷி. அக்கூட்டுக்குப் பூக்களை உடுத்துபவர் கிகு-ஷி.

இதற்கெனத் தனி வகைச் சாமந்தி வளர்க்கப்படுகிறது. பூ சிறியதாக இருக்கும். தண்டு நீளமாக, ஒடியாமல் வளையும். பூக்கும் தறுவாயில் செடியை மண்ணிலிருந்து எடுத்து, வேரை ஈரப்பாசியில் பொதிந்து நாரால் கட்டுவார்கள். அப்பொதியைக் கூட்டின் உள்ளே மறைத்துவைத்து, தண்டுகளை வெளியே இழுத்து, ஆடையின் மடிப்பு விழும் திசையில் கிடத்திக் கட்டுவார்கள். தோளில் ஒரு நிறம், இடைக்கச்சையில் வேறு நிறம் என்று நெசவு வேலைப்பாட்டின் தோற்றம் கிடைக்கும். ஒரு பொம்மைக்கு நூறுக்கும் மேற்பட்ட செடிகள் செல்லும்.

செடிகள் உயிரோடு இருப்பதால் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். அப்படியும் ஓரிரு வாரங்களில் பூ வாடும். அப்போது பொம்மையை முழுவதும் களைந்து புதிய செடிகளை உடுத்த வேண்டும். ஒரு பருவத்துக்குள் பலமுறை இவ்வாறு ஆடை மாற்றப்படும். அதற்கேற்ப அடுத்தடுத்துப் பூக்கும் செடிகள் தோட்டத்தில் தயாராக இருக்க வேண்டும். பகல் குறுகும்போதுதான் சாமந்தி மொட்டு விடும். இரவில் விளக்கெரித்து மொட்டைத் தாமதப்படுத்தலாம். துணியால் மூடி விரைவுபடுத்தலாம். ஆக, ஆறு வாரக் காட்சிக்கு வளர்ப்பாளர் ஆண்டு முழுதும் உழைக்கிறார்.

கிகு-ஷியின் வேலையோ இலையுதிர்காலத்தில் மட்டும் இருக்கிறது. தண்டை எவ்வளவு வளைத்தால் ஒடியாது, மொட்டு எத்தனை நாளில் விரியும், எந்த இடைவெளியில் கட்டினால் பூ விரிந்தபின் கூடு தெரியாது என்பவற்றைப் பல பருவங்கள் உடன் நின்றுதான் கற்க முடியும். ஆண்டில் சில வாரம் வேலை தரும் தொழிலுக்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. இந்தப் பொருத்தமின்மையே கலையின் பலவீனமாயிற்று.

ஹிராகாட்டாக் காட்சி நின்றமை

2005ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தோடு ஹிராகாட்டாப் பூங்கா சாமந்திப் பொம்மைக் காட்சியை முடித்துக்கொண்டது. கிகு-ஷிகள் முதுமையடைந்ததும் அவர்களுக்குப் பின் தொழிலை ஏற்க ஆள் இல்லாததும் காரணமாகக் கூறப்பட்டன. இரயில் நிறுவனம் பாதை அமைத்தது, அரங்கு கட்டியது, விளம்பரம் செய்தது. கிகு-ஷிகளின் அடுத்த தலைமுறையை மட்டும் அதனால் உருவாக்க முடியவில்லை.

ஹிராகாட்டா நகரின் அடையாள மலர் சாமந்தி. எனவே விழா முற்றிலும் மறையவில்லை. நகரவாசிகள் தன்னார்வலர்களாகப் பூவாடை உடுத்தும் முறையைக் கற்றுச் சில பொம்மைகளைச் செய்து காட்சிக்கு வைத்தனர். பெரிய மேடைகளும் ஆயிரக்கணக்கான செடிகளும் இல்லை. ஆனால் கைவேலை ஒரு தலைமுறையோடு அற்றுப்போகாமல் சிலகாலம் காக்கப்பட்டது.

இன்றைய விழாக்கள்

டோக்கியோவின் வடகிழக்கே இபராகி மாநிலத்தில் உள்ள கசாமா இனாரி கோயிலின் சாமந்தி விழா, ஜப்பானில் மிகப் பழமையானதாகக் கூறப்படுகிறது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரால் துயருற்ற மக்களின் மனத்தை ஆற்றும் நோக்கத்தில், 1908இல் கோயிலின் தலைமைப் பூசகர் இதைத் தொடங்கினார். டோக்கியோவிலிருந்து இரயிலில் ஒரே நாளில் சென்று திரும்பலாம். கோயில் வளாகத்தில் பூச்சட்டிகளுடன் பொம்மைகளும் வைக்கப்படுகின்றன.

ஃபுகுய் மாநிலத்தின் தகேஃபுவில் 1952 முதலும், ஃபுகுஷிமா மாநிலத்தின் நிஹோன்மட்சு கோட்டைப் பூங்காவில் 1955 முதலும் பொம்மைக் காட்சிகள் நடைபெற்று வருகின்றன. டோக்கியோ நகருக்குள் யுஷிமா தென்ஜின் கோயிலில் நவம்பர் மாதத்தில் சிறிய அளவில் பொம்மைகளைக் காணலாம். ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தில் நவம்பர் முதல் பாதியில் அரண்மனை மரபுச் சாமந்திகள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

இவ்வூர்களுக்குச் செல்வோர் வார நாளில் காலையிலேயே சென்றால், திரைக்குப் பின்னால் கிகு-ஷிகள் நீர் ஊற்றுவதையோ வாடிய செடிகளைக் களைந்து புதியவற்றைக் கட்டுவதையோ காணும் வாய்ப்பு உண்டு. அக்கைகள் வேலையைத் தொடரும் வரைதான் கிகு நிங்யோவும் தொடரும்.